பெங்களூருவில் பூச்சிமருந்துக் கடையும் கால்நடை மருந்துக் கடையும்: உரிமம் முதல் மாதிரி எடுக்கும் நாள் வரை

ஆனேக்கல், சர்ஜாபூர், தேவனஹள்ளி, நெலமங்களா பக்கங்களில் உரக்கடை வைக்க நினைக்கும் நம்மவர்கள் என்னைப் பார்க்க வரும்போது, பெரும்பாலும் கடையை வாடகைக்கு எடுத்து, முன்பணம் கொடுத்து, அலமாரியும் அடித்து முடித்திருப்பார்கள். பிறகுதான் "லைசென்சுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் நேரும் நட்டத்தில் பாதி, செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்வதால் வருகிறது. கீழே உள்ள வரிசை, நான் என் கடையைத் தொடங்கி நடத்தியதிலும், பின்னால் வந்தவர்கள் எங்கெங்கே இடறினார்கள் என்று பார்த்ததிலும் உருவானது. இதில் எந்தப் படியையும் முன்பின்னாக மாற்ற வேண்டாம்.

1. எந்தப் பொருள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலில் பிரியுங்கள்

விவசாயி ஒரே கடையில் கேட்கும் பொருட்கள் நான்கு வெவ்வேறு சட்ட ஏற்பாடுகளின் கீழ் வருகின்றன. பூச்சிக்கொல்லி, பூஞ்சணக்கொல்லி, களைக்கொல்லி, எலிமருந்து ஆகியவை 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்திலும் 1971ஆம் ஆண்டின் விதிகளிலும் அடங்கும். உரம் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையிலும், விதை 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணையிலும் வரும். கால்நடை மருந்து 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருவதால், அதைக் கண்காணிப்பவர்கள் வேளாண்மைத் துறையினர் அல்லர், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையினர்.

புதியவர்கள் தடுமாறுவது எல்லையோரத்தில் நிற்கும் பொருட்களில்தான். அசோஸ்பைரில்லம் உயிர் உரம் என்பதால் உர ஆணையில் வருகிறது. பார்வைக்கு அதைப் போலவே பொடியாகப் பொட்டலத்தில் வரும் டிரைக்கோடெர்மா, நோயை அடக்கப் பயன்படுவதால் பூச்சிக்கொல்லிச் சட்டத்தில் வருகிறது. வேப்பங்கொட்டையிலிருந்து எடுக்கும் அசாடிராக்டின் "இயற்கை மருந்துதானே" என்று பலர் உரிமம் இல்லாமலே விற்கிறார்கள். அதற்கும் பூச்சிக்கொல்லிப் பதிவு வேண்டும். திராட்சைக் குலையை நீட்டிக்க வாங்கும் ஜிப்ரலிக் அமிலத்தை டானிக் என்று நினைக்கிறார்கள். வளர்ச்சி ஊக்கியான அதுவும் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பொருளே.

"பயோ" என்று பெரிய எழுத்தில் போட்டு, எந்தப் பதிவு எண்ணும் இல்லாமல் வரும் பாட்டில்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பயிர் ஊக்கிகள் 2021 முதல் உர ஆணைக்குள் கொண்டுவரப்பட்டுள்ளன. ஆகவே ஒரு பாட்டிலில் பூச்சிக்கொல்லிப் பதிவு எண்ணும் இல்லை, உர ஆணையின் கீழான அனுமதி விவரமும் இல்லை என்றால், அது எவ்வளவு வேகமாகப் புழுவைக் கொன்றாலும் வாங்காதீர்கள். உண்மையில், வேகமாகக் கொன்றால் இன்னும் அஞ்ச வேண்டும், ஏனென்றால் லேபிளில் சொல்லாத ரசாயனம் உள்ளே கலந்திருக்க வாய்ப்பிருக்கிறது.

இந்தப் பிரிப்பை ஒரு தாளில் எழுதி முடித்த பிறகே, எந்தெந்த உரிமம் வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும். கடையில் விற்பதோடு, வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சென்று கரையான் மருந்து அடித்துத் தரும் எண்ணமும் இருந்தால் அதற்குப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கான தனி உரிமம் வேண்டும்; விற்பனை உரிமம் அதற்குச் செல்லாது.

2. தகுதியுள்ள ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள்

2015ஆம் ஆண்டில் விதிகளைத் திருத்தியபோது, பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்குக் கல்வித் தகுதி கட்டாயமாக்கப்பட்டது. வேளாண்மை, உயிர்வேதியியல், உயிரித்தொழில்நுட்பம், உயிர் அறிவியல் ஆகியவற்றில் பட்டமோ, வேதியியல், தாவரவியல், விலங்கியல் இவற்றில் ஒன்றைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டமோ இருக்க வேண்டும். அல்லது வேளாண்மையிலோ தோட்டக்கலையிலோ அங்கீகரிக்கப்பட்ட ஓராண்டு டிப்ளமோ இருக்க வேண்டும். விண்ணப்பிப்பவரிடம் அந்தத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். பி.காம். பட்டம் இதற்கு உதவாது. முன்பணம் கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு திகைத்து நின்ற இருவரை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி, ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் என்ற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம், வேளாண் இடுபொருள் விற்பவர்களுக்காக 2003இல் தொடங்கிய டேசி டிப்ளமோ. இது 48 வாரப் படிப்பு. வாரம் ஒரு நாள், பெரும்பாலும் கடைவீதி விடுமுறை நாளில் வகுப்பு நடக்கும், இடையிடையே வயல்வெளிப் பயிற்சியும் உண்டு. கர்நாடகத்தில் வகுப்பு கன்னடத்தில் நடக்கும் என்பதால், பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத நம்மவர்கள் சேருவதற்கு முன்பே கன்னட எழுத்தைப் பழகிக்கொள்வது நல்லது. அந்தப் பழக்கம் பின்னால் லேபிள் படிக்கவும், அதிகாரி எழுதித் தரும் குறிப்பைப் புரிந்துகொள்ளவும், ஒவ்வொரு நாளும் கைகொடுக்கும்.

யாரோ ஒருவருடைய பட்டச் சான்றிதழை மாத வாடகைக்கு வாங்கி வைத்து உரிமம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆய்வுக்கு வரும் அதிகாரி அந்த ஆள் எங்கே என்று கேட்கும் நாள் ஒன்று வரும். அது ஒருபுறம் இருக்க, எந்த மருந்தை எந்தப் பயிருக்குக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தவர் கல்லாவில் இல்லாத கடையில் விவசாயிக்குப் பாதுகாப்பே இல்லை.

3. கட்டடத்தைப் பிறகு தேடுங்கள்

மனிதரோ கால்நடையோ உண்ணும் பொருட்களைச் செய்கிற, வைக்கிற, விற்கிற அதே கட்டடத்தில் பயிர்ப் பூச்சிமருந்தை வைக்கவும் விற்கவும் விதி தடுக்கிறது. மாட்டுத்தீவனமும் இதில் அடங்கும். "முன்னால் தவிடு, புண்ணாக்கு, பின்னால் மருந்து" என்ற ஏற்பாடு நம் ஊர்ப் பழக்கத்தில் இயல்பாகத் தோன்றினாலும் சட்டப்படி செல்லாது. கீழே மளிகைக்கடை இருக்கும் கட்டடத்தின் மாடியையும் விட்டுவிடுங்கள்.

காரணம் கசப்பானது. 2013 ஜூலையில் பீகாரின் சாப்ரா அருகே ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையலுக்குப் பயன்பட்ட எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. பார்வைக்கு எண்ணெயோடு எளிதில் குழம்பக்கூடிய திரவங்களை நாம் விற்கிறோம் என்பதை, கட்டடம் பார்க்கப் போகும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

மருந்து வைக்கும் அறை உலர்ந்ததாக, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ளதாக, மற்றப் பொருட்களிலிருந்து பிரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அளவு குறைவென்றால் பூட்டிய தனி அலமாரி போதும். தகரக் கூரை போட்ட கடைகளில் ஏப்ரல், மே வெயிலில் உள்வெப்பம் ஏறி மருந்தின் வீரியம் குறையும். அந்தக் குறை பின்னால் ஆய்வக அறிக்கையில் உங்கள் பெயரில் வரும். ஒவ்வோர் இடத்துக்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால், கடை ஓரிடத்திலும் குடோன் வேறிடத்திலும் இருந்தால் இரண்டையும் விண்ணப்பத்தில் காட்டுங்கள். பதிவில் இல்லாத குடோனில் இருக்கும் நல்ல சரக்கும் சட்டவிரோதச் சரக்காகவே கருதப்படும்.

ஓசூர், தளி பக்கத்து விவசாயிகள் ஆனேக்கல், அத்திபெலே கடைகளுக்கு வந்து வாங்குவது வழக்கம். அவர்களுக்குப் பில் போட்டு விற்கலாம். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சிறு கிளை வைத்தாலும் அதற்குத் தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையின் உரிமம் தனியாக வேண்டும்.

4. பி.சி. வாங்குங்கள்

எந்த நிறுவனத்தின் மருந்தை விற்கப் போகிறீர்களோ அந்த நிறுவனம், உங்களை விற்பனையாளராக ஏற்று, எந்தெந்தப் பொருட்களுக்கு என்று பட்டியலிட்டுத் தரும் முதன்மைச் சான்றிதழைத்தான் கடைவீதியில் பி.சி. என்கிறோம். உரத்தில் இதே வேலையைச் செய்வது ஓ ஃபாரம். உரிமத்தில் இடம்பெறுவது, பி.சி.யில் உள்ள நிறுவனங்களும் பொருட்களும் மட்டுமே.

தொடக்கத்தில் பத்துப் பதினைந்து நிறுவனங்களின் பி.சி.க்கு ஓட வேண்டாம். உங்கள் ஹோப்ளியில் (தாலுகாவின் உட்பிரிவில்) என்ன பயிர் என்று பார்த்து, தக்காளியா, ரோஜாவா, திராட்சையா, ராகியா என்பதற்கேற்ப மூன்று நான்கு நிறுவனங்களோடு தொடங்கினால் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. உரிமம் வந்த ஆறு மாதத்தில் ஒரு புதிய நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வருவார். விலை குறைவு, கடன் தவணை நீளம். பெட்டிகள் இறங்கிவிடும், பி.சி. "அடுத்த வாரம்" வரும் என்பார். அந்த பி.சி. கையில் வந்து, உரிமத்திலும் சேர்க்கப்படும் வரை அந்தச் சரக்கை இறக்கவே கூடாது. உரிமம் பெற்ற கடையில் உரிமத்தில் சேராத பொருள் இருப்பதே ஆய்வில் மிக அதிகமாகப் பிடிபடும் குறை என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

5. விண்ணப்பம்

மேலே சொன்னவை முடிந்திருந்தால் இது எளிய படி. முதலில் உங்கள் ஹோப்ளியின் ரைத்த சம்பர்க்க கேந்திராவுக்கு, அதாவது வேளாண்மைத் துறையின் விவசாயிகள் தொடர்பு மையத்துக்குப் போய், உங்கள் பகுதிக்கு உரிமம் வழங்கும் அதிகாரி யார், எந்த இணையவழியில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தகுதிச் சான்றிதழ், தகுதியுள்ளவர் ஊழியர் என்றால் அவருடைய பணி ஆணையும் சம்மதக் கடிதமும், வாடகை ஒப்பந்தம், கடை மற்றும் குடோனின் வரைபடம், பி.சி.கள், அடையாளச் சான்று, ஜிஎஸ்டி பதிவு ஆகியவற்றை ஒரே பெயரில், ஒரே முகவரி எழுத்தோடு வைத்திருங்கள். பி.சி.யில் ஒரு முகவரியும் வாடகை ஒப்பந்தத்தில் சற்று மாறிய முகவரியும் இருந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உரிமம் வந்ததும் அதைக் கடைக்குள் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டுங்கள். அது கைக்கு வருவதற்கு முன் ஒரு பாட்டில்கூட விற்க வேண்டாம்.

6. முதல் சரக்கு வந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன் லேபிளைப் படியுங்கள்

இந்தியாவில் எந்தப் பூச்சிமருந்தும் முதலில் ஃபரிதாபாத்தில் இயங்கும் மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழுவில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு எண், உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், நஞ்சுமுறிவு விவரம் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பெட்டியை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

பிறகு சாய்த்து வைத்த சதுரத்தைப் பாருங்கள். அதன் கீழ் முக்கோணத்தின் நிறம் நச்சுத்தன்மையைக் காட்டுகிறது. வாய்வழியாக உட்கொண்டால் சோதனை விலங்குகளில் பாதியைக் கொல்லும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 50 மில்லிகிராம் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. சிவப்பில் மண்டையோட்டுக் குறியும் இருக்கும். எண் சிறியதாக இருந்தால் நஞ்சு கடுமையானது என்பதைப் புதிய ஊழியர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்; அவர்களுக்கு ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து விளக்குங்கள்.

பச்சை முக்கோணத்தைப் பார்த்து "இது ஒன்றும் செய்யாது" என்று விவசாயியிடம் சொல்லாதீர்கள். ஆபத்தற்றது, நஞ்சில்லாதது போன்ற சொற்களை லேபிளில் அச்சிட விதியே இடம் தருவதில்லை. தயாரித்தவர் எழுதக் கூடாததை விற்பவர் வாயால் சொல்வது எப்படிச் சரியாகும்?

பெட்டிக்குள் வரும் துண்டுப்பிரசுரத்தில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு, அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது இருக்கும். அதில் இல்லாத பயிருக்குப் பரிந்துரைக்காதீர்கள். தக்காளியும் கொத்தமல்லியும் நாம் விற்ற மருந்தோடு கே.ஆர். மார்க்கெட்டுக்கு மறுநாளே போகின்றன என்பதால், காத்திருப்பு நாளைப் பில்லின் ஓரத்தில் பேனாவால் எழுதித் தருவது என் வழக்கம்.

7. தடைப் பட்டியலை வேதிப்பெயரால் வைத்திருங்கள்

விவசாயி வணிகப்பெயரைச் சொல்லிக் கேட்பார். தடை வேதிப்பெயருக்குத்தான் வரும். எண்டோசல்பானை 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆணை 18 மருந்துகளைத் தடை செய்தது. அவற்றில் திமெட் என்று கேட்கப்படும் போரேட் குருணை, நுவான் என்று கேட்கப்படும் டைக்ளோர்வாஸ், டிரையசோபாஸ் உள்ளிட்ட ஆறுக்கு 2020 டிசம்பர் 31 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. 2023 செப்டம்பர் ஆணை டைக்கோபால், டைனோகேப், மெத்தோமில் ஆகியவற்றைத் தடை செய்தது. பழைய வாடிக்கையாளர் இன்றும் இந்தப் பெயர்களையே கேட்பதால், கல்லாவுக்குப் பின்னால் ஒரு தாளில் வணிகப்பெயர், வேதிப்பெயர், தடை நாள் என்று எழுதி ஒட்டுங்கள்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தனி வகை. அது தடைப் பட்டியலில் இல்லை. ஆனால் அரசு அமைப்புகளும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டியது. "அரிசி மூட்டைக்கு ரெண்டு மாத்திரை கொடுங்கண்ணா" என்று கேட்பவர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். ஈரக்காற்று பட்டாலே நச்சுவாயு வெளிவரும் பொருள் அது. மூடிய வீட்டுக்குள் குடும்பத்தோடு உயிர் போயிருக்கிறது.

8. பில்லும் பதிவேடும்

ஒவ்வொரு விற்பனைக்கும் பில் வேண்டும். அதில் பொருளின் பெயர், பேட்ச் எண், அளவு, வாங்குபவர் விவரம் இருக்க வேண்டும். பூச்சிமருந்துக்கு இருப்புப் பதிவேடு தனியாகப் பேட்ச் வாரியாகப் பராமரிக்க வேண்டும். மாத அறிக்கையும் தர வேண்டும்.

"கச்சா பில் போதும், வரி மிச்சம்" என்று கொள்முதலில் தொடங்குபவர்கள், பின்னால் தங்களைக் காத்துக்கொள்ளும் ஒரே வழியையும் இழக்கிறார்கள். பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, உரிமம் பெற்றவரிடமிருந்து முறையாக வாங்கி, குறை இருப்பதை உரிய கவனம் செலுத்தியும் அறிய முடியாமல், சரியாகச் சேமித்து, வந்த நிலையிலேயே விற்ற வணிகருக்குப் பாதுகாப்பு தருகிறது. இந்த நான்கையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பேட்ச் எண்ணோடு கூடிய கொள்முதல் பில் இல்லாமல் முதலாவதே நிற்காது.

9. கல்லாவில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

என்ன பயிர், என்ன பூச்சி, பக்கத்து வயலில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிட்லகட்டா, தேவனஹள்ளி, ராமநகரப் பக்கங்களில் பக்கத்து நிலம் மல்பெரியாக இருக்கக்கூடும். காற்றில் பறந்த பூச்சிமருந்து பட்ட இலையைத் தின்றால் ஒரு கொட்டகைப் பட்டுப்புழுவும் போய்விடும், அந்தக் குடும்பத்தின் ஒரு மாத உழைப்பும் போய்விடும்.

கையுறை, முகக்கவசம் ஆகியவற்றையும் கடையில் வையுங்கள். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நச்சேறி இறந்ததை மறக்கக் கூடாது. யாருக்காவது மயக்கம், வாந்தி, வியர்வை கண்டால் மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், ஏனென்றால் லேபிளில் உள்ள நஞ்சுமுறிவு விவரத்தைக் கொண்டு மருத்துவர் சிகிச்சையை உடனே தொடங்க முடியும்.

10. காலாவதிச் சரக்கு

மாதக் கடைசியில் காலாவதி நாளைப் பார்க்கும் பழக்கத்தை முதல் மாதத்திலிருந்தே வையுங்கள். காலாவதியானதைக் கல்லா அலமாரியிலிருந்து உடனே எடுத்து, "விற்பனைக்கு அல்ல" என்று முத்திரையிட்டு, பலகை வைத்த தனி இடத்தில் வைத்து, தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். விற்கும் எண்ணமே இல்லாமல் மறதியால் அலமாரியில் நின்ற ஒரு பாட்டிலும் ஆய்வில் விற்பனைக்கு வைத்த பாட்டிலாகவே எழுதப்படும். திருப்பி எடுத்துக்கொள்வதைப் பற்றி நிறுவனத்தோடு பி.சி. வாங்கும்போதே எழுத்தில் பேசிவையுங்கள்.

11. கால்நடை மருந்தும் விற்க விரும்பினால்

ஒரு மாலை, ஆனேக்கல் பக்கத்திலிருந்து மாடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, போன மாசம் கத்திரிக்கு அடிச்சேனே, அந்த சைபர்மெத்ரின் மருந்தே கொடு, மாட்டுக்கு உண்ணி ஏறிப்போச்சு" என்றார். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் இரண்டும் பயிருக்கும் உண்டு, மாட்டு உண்ணிக்கும் உண்டு. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம். பயிருக்கு வரும் பாட்டிலின் வீரியமும், அதில் கலந்திருக்கும் கரைப்பானும் மாட்டுத் தோலுக்கு என்று சோதிக்கப்பட்டவை அல்ல. பாலில் எத்தனை நாள் மிஞ்சும் என்பதும் அந்த லேபிளில் இராது. "ஐயா, இது செடிக்கு மட்டும்தான், மாட்டுக்கு வேற பாட்டில், மாட்டாஸ்பத்திரியில கேட்டு வாங்குங்க" என்று அனுப்பிவைத்தேன். முனகிக்கொண்டே போனார், போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

அந்த "வேற பாட்டில்" விற்க, மருந்து உரிமம் வேண்டும். சில்லறை விற்பனைக்குப் படிவம் 20, 21 ஆகியவற்றில் உரிமம் தருகிறார்கள். குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநரும், தடுப்பூசி வைத்தால் குளிர்பதனப் பெட்டியும் தேவை. பூச்சிமருந்துக் கடையின் ஒரு மூலையில் இதைச் செய்யலாம் என்று எண்ண வேண்டாம். தனிக் கட்டடத்தில் தனிக் கடையாகத் தொடங்குங்கள். தாது உப்புக் கலவை, தீவனச் சேர்க்கை எல்லாம் அந்தக் கடைக்குப் போகட்டும்.

கால்நடை மருந்தின் லேபிளில் வீட்டு விலங்கின் தலைப் படமும், மனிதருக்கு அல்ல, விலங்குச் சிகிச்சைக்கு மட்டும் என்ற வாசகமும் இருக்கும். அவை இல்லாத மனித மருந்தைக் "கால்நடைக்கும் இதுதான்" என்று விற்பதில் பெரிய ஆபத்து உண்டு. வலிநிவாரணியான டைக்லோஃபினாக் ஊசி போட்ட மாடு இறந்தால், அதன் உடலைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அதனால் 2006இல் கால்நடைக்கான டைக்லோஃபினாக் நிறுத்தப்பட்டது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால், 2015இல் அதன் ஊசிக் குப்பி 3 மில்லிலிட்டருக்குச் சுருக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், அசிக்லோஃபினாக் என்ற வேறு இரண்டு வலிநிவாரணிகளுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் 2023 ஜூலையில் தடை வந்தது. உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டின் 2019 ஜூலையில் தடைபட்டது. மனிதருக்கு வேறு மருந்து பலிக்காதபோது கடைசியாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி அது.

விற்பனையில் கூடுதல் கட்டுப்பாடு உள்ள எச்1 அட்டவணை மருந்துகளுக்கு, எழுதிக் கொடுத்தவர் பெயர், வாங்கியவர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பால், முட்டை, இறைச்சி விலக்கு நாட்கள் லேபிளில் இருக்க வேண்டும் என்று 2012 முதல் விதி உள்ளது; தனியாக நிர்ணயிக்கப்படாத மருந்துக்குப் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மருந்து கொடுத்த மாட்டின் பாலை அத்தனை நாளும் சங்கத்துக்கு ஊற்றக் கூடாது என்று சொன்னால், கேட்பவருக்கு அது வருமானத்தை விடச் சொல்வதாகத்தான் படும். ஆகவே எந்தத் தேதி வரை என்று நாள்காட்டியைப் பார்த்துக் கணக்கிட்டு, அந்தத் தேதியையே எழுதிக் கொடுங்கள். "ஏழு நாள்" என்று சொன்னதை மறந்துவிடுவார்கள், தேதியை மறப்பதில்லை.

12. மாதிரி எடுக்கும் நாள்

பூச்சிக்கொல்லி ஆய்வாளர் எந்த நாளும் வரலாம், பதிவேடு பார்க்கலாம், சந்தேகத்துக்குரிய சரக்கின் விற்பனையை 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம், பணம் கொடுத்து மாதிரியும் எடுக்கலாம். பதற்றப்படாமல் கூடவே நின்று பார்ப்பது உங்கள் உரிமை.

மாதிரியை உங்கள் முன்னிலையில் மூன்று பங்காகப் பிரித்து முத்திரையிட வேண்டும். சிறிய பாட்டில்கள் என்றால் மூன்று முழுப் பாட்டில்களாக எடுப்பார்கள். உங்கள் முத்திரையையும் அடையாளத்தையும் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் சேருங்கள். ஒரு பங்கு உங்களிடம் தரப்படும், ஒன்று ஆய்வகத்துக்குப் போகும், ஒன்று நீதிமன்றத்துக்காக வைக்கப்படும். உங்களிடம் தந்த பங்கை வெயில் படாத, பூட்டிய அலமாரியில் வையுங்கள். அதைச் சன்னலோரம் வைத்துவிட்டு மறந்தவர்கள் உண்டு.

ஆய்வக அறிக்கையின் நகல் கைக்கு வந்த நாளை அதன் மேலேயே எழுதி வையுங்கள். அறிக்கையை மறுக்க நினைத்தால், அந்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகே மத்தியப் பூச்சிக்கொல்லி ஆய்வகத்தில் மறுசோதனைக்கு வழி பிறக்கும். அந்தக் கெடு தவறினால் முதல் அறிக்கையே முடிவான சான்றாகிவிடும். சரக்கு தந்தவருக்கும் அன்றே பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.

எங்கள் கடையில் முதன்முறை எடுத்த மாதிரி தரக்குறைவு என்று வந்தது. மருந்தை முறையாக உரிமம் பெற்ற ஒரு மொத்த வியாபாரியிடம்தான் வாங்கியிருந்தேன், பில்லும் இருந்தது. ஆனால் அந்தப் பில்லில் பேட்ச் எண் எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது. "இந்தப் பேட்ச் எங்களுடையது என்பதற்கு என்ன சான்று?" என்று அவர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்றாண்டு நீதிமன்றத்துக்கு நடந்தேன். இப்போது வண்டி வந்து நின்றதும், ஓட்டுநர் அவசரப்பட்டாலும், பெட்டியின் மேலுள்ள பேட்ச் எண்ணையும் பில்லில் உள்ளதையும் ஊழியர் ஒருவர் சத்தமாகப் படிக்க, இன்னொருவர் பதிவேட்டில் எழுதிய பிறகே பெட்டி கீழே இறங்குகிறது.